சுவரைத் தொடுவதற்கு முன்

எங்கள் அண்ணனிடம் போனில் பேசுகிறவர்கள் "சரி, அப்ப வச்சிட..." என்று முடிப்பதற்குள் லைன் போய்விடும். கோபமெல்லாம் கிடையாது. பேச்சு முடியப்போகிறது என்று தெரிந்தால் அவருடைய கட்டைவிரல் முந்திக்கொள்ளும். துணி துவைக்கும் மெஷின் கடைசிச் சுற்றுச் சுற்றி ஓய்வதற்குள் அணைத்துவிடுவார். சமையலறை ஓவன் நேரம் முடிந்து மணியடித்ததை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. "இதுக்கு மணி இருக்குன்னு விளம்பரத்துல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்பார் அண்ணி.

இதைப் பல வருடங்களாகப் பார்த்துப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். வேறொன்றும் தோன்றியதில்லை.

அண்ணனுக்குத் துணி மில்லில் வேலை. நெய்து சாயம் போட்டு வரும் துணியை உருளையில் சுற்றும் மெஷினை ஓட்டுகிறார். நானும் அங்கேதான், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நாளிலிருந்து. துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன இழை இருக்கிறதா என்று பார்க்கும் மேசை என்னுடையது. அவருடைய மெஷினுக்கு நேர் எதிரே. கண்ணுக்குத்தான் வேலை, வாய்க்கு வேலையில்லை. எனக்கு அது வசதி.

துணியில் ஒவ்வொரு ரோலும் முடிய வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அந்தக் கோடு துணியை வெட்டும் கத்திக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். தாண்டினால் துணி வீண். ஆனால் பட்டனை அழுத்தியதும் மெஷின் நின்றுவிடாது, உருளையின் பாரம் இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு ஓடும். புதிதாக வருகிறவர்கள் கோடு வந்ததும் அழுத்திவிட்டு, அது தாண்டிப் போவதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். அண்ணனின் கோடு தாண்டியதில்லை. "உங்கண்ணன் கத்திக்கும் கோட்டுக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறவர்" என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார்.

அண்ணனுக்கு ஒரே பெண். நீச்சல் குளத்திலிருந்து ஏறி, ஈரக்காலை அகட்டி அகட்டி நடந்து வருவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாத்து என்று பெயர். பள்ளிக்கூடத்துக் கோபமெல்லாம் தண்ணீரில் இறங்கினால் போய்விடும் அவளுக்கு. குளியலறையில்கூடக் கையை வீசிக்கொண்டுதான் குளிப்பாள், சுவரெல்லாம் தண்ணீராக இருக்கும்.

சனிக்கிழமைகளில் அண்ணி வேலை பார்க்கும் பல் டாக்டரின் கிளினிக்கில் கூட்டம் நெரியும். அதனால் அண்ணனும் நானும்தான் அவளைக் குளத்துக்குக் கூட்டிப்போவோம். பெண்கள் உடை மாற்றும் அறைக்குள் அண்ணன் போக முடியாது, அதற்குத்தான் நான். துண்டும் மாற்றுடுப்பும் என் பொறுப்பு.

குளத்தில் நான் பார்த்த அப்பா அம்மாக்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒருவர் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு வருவார். கோச் அவரில்லை, சும்மா ஓர் அப்பா. மகள் நீந்தும்போது கரையோரமாகக் கூடவே ஓடி, "கையை நீட்டு! நீட்டுடீ! தூங்கறியா?" என்று கத்துவார். விசில் அப்பா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓர் அம்மா, பிள்ளை தோற்றால் அன்றைக்கு அவனிடம் பேசமாட்டார். எங்கள் அண்ணன் இவர்களில் சேர்த்தியில்லை. கத்தமாட்டார், கோச்சுக்குப் புத்தி சொல்லமாட்டார். வாத்து வெளியே வந்தால் "பசிக்குதா?" என்பார். பிறகு ஸ்டாப் வாட்சை அவளிடம் காட்டுவார். அவள் பார்ப்பாள், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். அவ்வளவுதான். "பிள்ளையை இப்படி வளர்க்கணும்" என்று மற்ற அம்மாக்கள் என்னிடம் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளிரும். தலையை மட்டும் ஆட்டுவேன்.

அந்த ஸ்டாப் வாட்ச் அண்ணன் கைக்கு வந்த கதை சின்னது. கோச் ஒரு சின்ன வயதுப் பெண். பிள்ளைகள் கோச் அக்கா என்பார்கள். அவளுக்குப் பிள்ளைகள் அதிகம், கை இரண்டுதான். "சார், உங்க பொண்ணுக்கு நீங்களே டைம் எடுத்துக்கோங்களேன்" என்று, மற்றப் பெற்றோருக்குக் கொடுத்தது போலவே, அவருக்கும் ஒரு வாட்சைக் கொடுத்தாள். அண்ணன் அதைப் பட்டம் வாங்கியது போல வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வாத்தின் ஒவ்வொரு வேகமும் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பக்கத்து ஊர்களெல்லாம் சேர்ந்து நடத்தும் பெரிய போட்டி வந்தது. அதில் வேகமான பிள்ளைகளை ஒரு குழுவாகவும் மெதுவான பிள்ளைகளை இன்னொரு குழுவாகவும் பிரித்து நீந்த விடுவார்கள். வேகமான குழுவில் இடம் குறைவு, ஒன்றிரண்டு விநாடியில் இடம் கை மாறிவிடும். கோச் அக்கா ஒவ்வொரு பெற்றோரிடமும் டைம் கேட்டாள். அண்ணன் வாட்சில் கண்டதைச் சொன்னார். அவள் புருவத்தைத் தூக்கி, "அட, இவ்வளவு நல்லா வந்துட்டாளா!" என்றாள். வாத்து வேகமான குழுவில், அதிலும் இருப்பதிலேயே வேகமானவர்களுக்கு ஒதுக்கும் நடு லேனில். விசில் அப்பாவின் மகள் மெதுவான குழுவுக்குப் போனாள்.

போட்டிக் குளம் பெரிய மண்டபத்துக்குள் இருந்தது. குரல்கள் கூரையில் மோதித் திரும்பி வந்தன. ஒவ்வொரு லேனின் முடிவிலும் சுவரில் ஒரு பலகை. நீந்துகிறவரின் கை அதில் பட்டதும் மேலே பெரிய பலகையில் நேரம் தானாக நின்றுவிடும். மனிதர் கையே வேண்டாம். அண்ணன் அதை அண்ணாந்து பார்த்து, "இது நல்ல ஏற்பாடு" என்றார். 

விசில் அடித்ததும் எட்டுப் பேர் குதித்தார்கள். வாத்து நன்றாகத்தான் குதித்தாள். பாதிக் குளம் வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் நுரையும் கையுமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு தலையாகச் சுவரில் முட்டி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. நடு லேனில் சுவர் காலியாக இருந்தது. நான் தவறான லேனைப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தேன். ஏழு பேரும் சுவரைத் தொட்டுவிட்டார்கள். எங்கள் பிள்ளை இன்னும் வந்துகொண்டிருந்தாள்.

அவள் தொட்டாள். திரும்பி, சிரித்த முகத்தோடு மேலே இருந்த பலகையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. அணையவில்லை, நின்றது. உதடு விரிந்தபடி இருக்க, கண் மட்டும் மாறியது. ஒரு குழந்தையின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

அண்ணன் எழுந்து நின்றிருந்தார். "மெஷின் கோளாறு" என்றார், என்னிடமில்லை, யாரிடமும் இல்லை. பிறகு, "இல்ல, அவளுக்கு உடம்பு முடியல. காலையில சரியா சாப்பிடல பாரு."

எங்களுக்குப் பின்னாலிருந்து விசில் அப்பாவின் குரல் வந்தது. அன்றைக்கு அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க சொன்ன டைமுக்குத்தான் காய்ச்சல்."

"என்ன சொல்றீங்க?"

"எம்பொண்ணு இந்தக் கூட்டத்துல நீந்தியிருக்கணும். உங்க பொண்ணு டைமைக் குறைச்சுச் சொல்லி இடத்தைப் பிடிச்சீங்க. அமைதியா இருக்கறவங்களைத்தான் சார் நம்பக்கூடாது."

நான் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

உடை மாற்றும் அறையில் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. ஷவருக்குள் இரண்டு சிறுமிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவங்கப்பா பொய் டைம் குடுத்தாராம்டீ." "அதான் நடு லேனா? சீ!" வாத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டைப் போர்த்தினேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அத்தை, அப்பா பொய் சொன்னாரா?"

"சீச்சீ" என்றேன். ஆனால் பலகையை நானும் பார்த்திருந்தேன்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு எதிரே போய் நின்றாள். அண்ணி அப்போதுதான் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீ சொன்ன டைமெல்லாம் நிஜமா?"

"நிஜந்தாம்மா. நான் பாத்ததைத்தான் சொன்னேன். சத்தியமா."

"அப்ப எனக்கு என்ன ஆச்சு? போன வாரம் அவ்வளவு வேகம், இன்னிக்கு இவ்வளவு மெதுவா? எனக்கு ஏதாவது வியாதியா?"

அந்தப் பிள்ளைக்கு இரண்டே வழிதான் இருந்தது. ஒன்று, அப்பா பொய்யர். இல்லையென்றால், அவள் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது. எதை நம்பினாலும் நெஞ்சு வெடிக்கும்.

"நான் இனிமே தண்ணிக்குள்ள இறங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தண்ணீருக்காகவே பிறந்தவள் போலிருந்த பிள்ளை. மறுநாளிலிருந்து பக்கெட்டில் நாலு கப் மொண்டு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். குளியலறைச் சுவர் காய்ந்து கிடந்தது. அண்ணி டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதைக் கேட்டதும் வாத்து அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அவளுக்கு ஒரு வழி அடைபட்டு, மிச்சம் ஒரு வழிதான் இருந்தது.

அந்த வாரம் மில்லில்தான் அடுத்த இடி.

நான் குனிந்து துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினின் சத்தம் அடங்க வேண்டிய இடத்தில் அடங்கவில்லை. நிமிர்ந்தேன். சிவப்புக் கோடு கத்தியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. தாண்டி, உருளை மேல் ஏறி, உள்ளே போய் மறைந்தது. பிறகுதான் நின்றது. அண்ணனின் மெஷினில்! பக்கத்து மெஷின்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் ஓடி வந்தார், திட்டுவதற்கு வாயெடுத்து, திட்டுவது அண்ணனையா என்ற சந்தேகத்தில் அப்படியே நின்றார். "என்னய்யா, உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் சாப்பிடும்போது அண்ணன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

"என்னண்ணா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல பாப்பா. அந்தப் பலகை தப்பா, நான் தப்பான்னு யோசிச்சிட்டே இருந்தேன். இனிமே எதுவானாலும் கண்ணால நல்லாப் பாத்துட்டுத்தான் அழுத்தணும்னு நெனச்சேன். கோடு கத்திக்கு வந்தப்புறம் அழுத்தினேன். ஓடிப்போச்சு."

"வந்தப்புறம் அழுத்தினா ஓடத்தானே செய்யும்? வர்றதுக்கு முன்னாடியே அழுத்தறதுதானே உன் பழக்கம்?"

"ஆமா."

அந்த "ஆமா"வில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன், ஓவன், துவைக்கிற மெஷின், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தது.

"அண்ணா. குளத்துல எப்ப அழுத்துவ?"

"அவ கை சுவர்ல படும்போது."

"படும்போதா? பட வரும்போதா?"

அண்ணன் என்னையே பார்த்தார். கையில் எடுத்த கவளம் கையிலேயே இருந்தது. "படும்போதுதான்" என்றார். "நான் என்ன, என் பிள்ளைக்கே கள்ளத்தனம் பண்ணுவேனா?" எழுந்து போய்விட்டார். பாதிச் சாப்பாடு அப்படியே கிடந்தது.

வீட்டில் நான் வாத்திடம் சொன்னேன். மெஷின், கோடு, கட்டைவிரல் எல்லாம். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நல்லா இருக்கு கதை. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து யோசிச்சீங்களா?"

"எனக்குக் கதை கட்டத் தெரியாதுடீ."

அவள் எழுந்து போய் அண்ணனின் பையிலிருந்து ஸ்டாப் வாட்சை எடுத்து வந்து, கூடத்தில் உட்கார்ந்திருந்த அவர் மடியில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்ட அன்றைக்குப் பிறகு அவரோடு அவள் பேசிய முதல் பேச்சு இது: "எழுந்திரிப்பா."

எங்கள் வீட்டில் வாசல் கதவிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் ஒரு நீள நடைவழி. அவள் வாசலில் போய் நின்றாள். "நான் நடந்து வந்து அந்தச் சுவரைத் தொடுவேன். தொடும்போது அழுத்து. நீச்சல்ல எப்படியோ அப்படி. சரியா?"

"சரிம்மா."

"தொடும்போது. மறந்துடாதே."

"மறக்கமாட்டேன்."

அண்ணனின் நெற்றியில் வியர்த்திருந்தது. வாட்சைப் பிடித்த கையை மறு கையால் தாங்கிக்கொண்டார். அண்ணி அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றார். வாத்து நடந்து வந்தாள். வேகமாக வந்தாள், கையை நீட்டினாள், சுவருக்கு ஒரு விரற்கடை முன்னால் சட்டென்று நின்றுவிட்டாள். தொடவே இல்லை. நீட்டிய கை காற்றில் நின்றது.

'டிக்' என்றது வாட்ச்.

அண்ணன் வாட்சைப் பார்த்தார். அது நின்றிருந்தது. சுவரைப் பார்த்தார், மகளின் விரலைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பேயைப் பார்த்தவர் போல முகம் வெளுத்துவிட்டது. "நான் அழுத்தலையே" என்றார் முதலில். அழுத்தியது தன் விரல்தான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அப்பா" என்றாள் வாத்து. குரல் உடைந்திருந்தது. "அப்பா, நான் இன்னும் தொடவே இல்லப்பா!"

சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையானது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அண்ணி கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கூடவே உட்கார்ந்தார். "அடக்கடவுளே, இத்தனை நாளும் இந்த விரலா! ஓவனை அணைக்கிறப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

அப்பா பொய் சொல்லவில்லை என்பது முடிவானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். வாத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டபோதுதான் தெரிந்தது, கஷ்டமான இடம் இனிமேல்தான் என்று.

"அப்ப... நான் உண்மையிலேயே அவ்வளவு மெதுவாத்தானா?"

அண்ணி, அண்ணனைப் பார்த்துக் கண்ணால் சைகை காட்டினார். இல்லையென்று சொல்லுங்க, இல்லையென்று சொல்லுங்க. அண்ணனும் தரையில் உட்கார்ந்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் அவர் முந்தவில்லை.

"ஆமாம்மா" என்றார். "அந்தப் பலகை காட்டினதுதான் உன் வேகம்."

"என்னங்க நீங்க!" என்று அண்ணி பதறினார். எனக்கும் பகீரென்றது. அழுத பிள்ளையிடம் போய்!

வாத்து அழவில்லை. தலையாட்டினாள். "அப்ப எனக்கு வியாதி இல்ல."

"இல்ல."

"மெதுவா நீந்தற பிள்ளை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான். ஆனா ஒண்ணு. நான் டைம் காட்டுறப்ப நீ ஒரு சிரிப்பு சிரிப்பியே, அதுக்காகவே நான் வாட்சைக் காட்டிட்டு இருந்தேன். நீ நீந்தறதைச் சரியாப் பாக்கலையோன்னு இப்பத் தோணுது."

"இனிமே நீ வாட்ச் பிடிக்கக் கூடாது."

"பிடிக்க மாட்டேன்."

"வரக்கூடாதுன்னு சொல்லல. வாட்ச்தான் வேணாம்."

சனிக்கிழமை அண்ணன் குளத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னார். கோச் அக்கா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான்தான் சார் டைம் எடுத்திருக்கணும், தப்பு என்னுது" என்றாள். விசில் அப்பா நம்பவில்லை. "மெஷினாம், ரோலாம்! நானும் அந்த மில்லுல சேர்ந்துடறேன், எம்பொண்ணும் நடு லேனுக்கு வரட்டும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணன் அவருடைய மகளிடம் போய், "உன் இடம் என்னாலதான் போச்சும்மா, மன்னிச்சுக்கோ" என்றார். அந்தச் சிறுமி அப்பாவைப் பார்த்துவிட்டு, "பரவால்ல அங்கிள்" என்று மெதுவாகச் சொன்னாள். விசில் அப்பா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு வாத்து தண்ணீரில் இறங்குவாளா என்று எனக்குத் தெரியாது. துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஓரத்தில் உட்கார்ந்து காலை மட்டும் விட்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் இரண்டு மூன்று முறை போய் வந்துவிட்டார்கள். பிறகு யாரும் சொல்லாமலே, விசில் இல்லாமலே, சறுக்கி உள்ளே போனாள். அண்ணன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

இப்போது வாத்து மெதுவான குழுவில் நீந்துகிறாள். அந்தக் குழுவில் நடுவில் வருவாள். ஒருமுறை மூன்றாவதாக வந்தாள். விசில் அப்பா வீட்டார் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. அண்ணன் சனிக்கிழமைகளில் வழக்கம்போல வருகிறார், அவள் வெளியே வந்ததும் பசிக்கிறதா என்று கேட்கிறார். கோச் அக்காதான் டைம் எடுக்கிறாள். அதை வாத்திடம் மட்டும்தான் சொல்கிறாள், நாங்கள் யாரும் கேட்பதில்லை.